கிண்ணம் நிறைய தினை இருந்தும் சத்தில்லாமல் போன என் காக்டெயில் பறவை

வீட்டில் பறவை வளர்க்கிற யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "தினை போடுங்க, தண்ணி வைங்க, அவ்வளவுதான். நாய் பூனை மாதிரி செலவே இல்ல." எனக்கும் அதையேதான் சொன்னார்கள். பறவை விற்கும் கடையில் சொன்னார்கள், ஏற்கெனவே வளர்த்தவர்கள் சொன்னார்கள், பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அந்த வார்த்தையை நம்பியதால் என் காக்டெயில் பறவை மின்னி செத்துப் பிழைத்தாள். நான் தூக்கத்தையும் நிம்மதியையும் தொலைத்தேன், கையில் இருந்த பணமும் போனது. அப்போது தமிழில் விவரமாகச் சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை. தேடியதில் பாதி கோழித் தீவனம் பற்றியும் மீதி ஆங்கிலத்திலும் இருந்தது. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். காக்டெயில், லவ்பேர்ட்ஸ், பட்ஜி, கன்யூர் எது வளர்த்தாலும் இதில் பெரும்பகுதி உங்களுக்கும் பொருந்தும்.

என் தங்கையின் குடும்பம் மஸ்கட்டுக்குப் போனபோது கூண்டோடு என்னிடம் வந்தவள் மின்னி. சாம்பல் நிறப் பொட்டைக் காக்டெயில். அப்போது ஐந்து வயது இருக்கும். இது ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்பகுதிகளைச் சேர்ந்த சின்னக் கிளி. நல்லபடியாக வைத்துக்கொண்டால் 15, 20 வருடம் இருக்கும். கூண்டோடு ஒரு பை விதையும் வந்தது: தினை, கம்பு, நெல், நிறைய சூரியகாந்தி விதை. "அக்கா, காலையில கிண்ணத்தை நிரப்பிட்டு ஆபீஸ் போயிடு, சாயங்காலம் வரைக்கும் அவளே பாத்துப்பா" என்று சொல்லிவிட்டுத் தங்கை விமானம் ஏறினாள். அவளும் வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான் வளர்த்திருக்கிறாள். கடைக்காரர் அவளுக்குச் சொன்னதும் அதுதான்.

மின்னி நன்றாகத்தான் இருந்தாள். குண்டாக இருந்தாள், விசில் அடித்தாள், நான் சேலையை மாற்றினால்கூடக் கண்டுபிடித்துக் கத்தினாள். துணையாக ஆண் பறவை இல்லாமலேயே முட்டை வைத்தாள். ஒரு ஈடு முடிந்து கொஞ்ச நாளில் அடுத்த ஈடு. "முட்டை வைக்குதுன்னா உடம்பு நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்றார்கள். அலகு கொஞ்சம் நீண்டு, செதில் செதிலாக உரிந்தது. அடிக்கடி தும்மினாள். இறகில் பளபளப்பு இல்லை. தும்மலுக்குத் தூசி காரணம், அலகுக்கு வயசு காரணம், இறகுக்குச் சேலத்து வெயில் காரணம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இவை எல்லாம் ஒரே இடத்திலிருந்து வரும் அறிகுறிகள் என்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூண்டுத் துணியை எடுத்தால் கம்பில் அவள் இல்லை. தரையில் ஒரு மூலையில் உடம்பை உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. பின்பக்கம் முக்கி முக்கிப் பார்த்துச் சோர்ந்து போனாள். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பறவைகள் நோயை மறைக்கும். காட்டில் சோர்ந்து தெரிகிற பறவையைத்தான் வல்லூறு முதலில் தூக்கும் என்பதால், முடிகிற வரை நன்றாக இருப்பது போலவே காட்டிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சோர்ந்துவிட்டது என்றால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்பதற்கு அங்கே இடமே இல்லை.

அன்று திறந்திருந்த ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே நாய் பூனைதான் பார்ப்பார்கள் போல. கூண்டை வெளியிலிருந்தே பார்த்துவிட்டு, தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொல்லி ஒரு ஆன்டிபயாடிக்கும் ஒரு விட்டமின் டிராப்ஸும் எழுதிக் கொடுத்தார்கள். 900 ரூபாய். கீழே விழுந்து கிடக்கிற பறவை தண்ணீரே குடிக்காது, பிறகு மருந்து எப்படி உள்ளே போகும் என்று கேட்கக்கூட எனக்கு அப்போது தோன்றவில்லை. வீட்டுக்கு வந்தால் ஆளாளுக்கு யோசனை. விளக்கெண்ணெயை வாயில் ஊற்றச் சொன்னார் ஒருவர். வயிற்றை மெல்ல அமுக்கி முட்டையைத் தள்ளிவிடச் சொன்னார் இன்னொருவர். நல்லவேளை, எனக்கு அவளைத் தொடவே பயமாக இருந்தது. வயிற்றை அமுக்கினால் முட்டை உள்ளேயே உடைந்து பறவை செத்துப்போகலாம் என்றும், எண்ணெய் மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் அதுவே எமன் என்றும் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அலுவலகத்தில் ஒரு தம்பி பட்ஜி வளர்ப்பவர். அவரைப் போனில் பிடித்தேன். "அக்கா, முதல்ல அவளைச் சூடா வைங்க. அட்டைப்பெட்டியில துணி விரிச்சு, வெந்நீர் பாட்டிலைத் துணியில சுத்தி ஒரு ஓரமா வைங்க. ஈரத்துணியும் ஒண்ணு உள்ள இருக்கட்டும். அப்படியே நாமக்கல் கிளம்புங்க, அங்க பறவை பாக்கறவங்க இருக்காங்க" என்றார். ஏசியை அணைத்துவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாடகைக் காரில் போனேன். சேலத்திலிருந்து நாமக்கல் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். அந்தப் பயணத்தைப் போல நீளமான ஒன்றை நான் போனதில்லை. பெட்டிக்குள் சத்தம் வராதபோதெல்லாம் மூடியைத் திறந்து வால் ஆடுகிறதா என்று பார்த்தேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்தார். முட்டை மாட்டிக்கொண்டிருந்தது. ஓடு சரியாகக் கட்டாத முட்டை. கால்சியம் ஊசி போட்டு, சூடும் ஈரப்பதமும் உள்ள பெட்டியில் வைத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். சாயங்காலம் மங்குகிற நேரத்தில் முட்டை வெளியே வந்தது. தோல் போல, தொட்டால் அமுங்குகிற முட்டை. ஊசிக்கு வராவிட்டால் மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டியிருக்கும், இந்த உடம்புக்கு மயக்கம் தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அதன் பிறகு அவர் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்கே காரணம். "என்ன சாப்பிடக் கொடுக்கறீங்கம்மா?"

"தினை, கம்பு, சூரியகாந்தி விதை."

"வேற? கீரை, காய்?"

"தொடவே மாட்டா டாக்டர்."

அவர் மின்னியின் வாயைத் திறந்து டார்ச் அடித்து எனக்குக் காட்டினார். மேலண்ணத்தில் நடுவே ஒரு பிளவு இருக்கும். அதன் ஓரத்தில் சின்னச் சின்ன முட்கள் போன்ற அமைப்பு கூர்மையாக இருக்க வேண்டுமாம். அவளுக்கு அது தேய்ந்து மழுங்கிப் போயிருந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படிவு. விட்டமின் ஏ பற்றாக்குறை. தும்மலுக்கும் அதுதான் காரணம். மூக்கு, தொண்டை, மூச்சுப்பாதையின் உட்தோல் எல்லாம் விட்டமின் ஏ இல்லாமல் தடித்து வறண்டுபோகும், பிறகு கிருமி சுலபமாக உள்ளே நுழையும். எக்ஸ்ரேயில் கல்லீரல் பெரிதாகத் தெரிந்தது. கொழுப்பு படிந்த கல்லீரல். அலகு அளவுக்கு மீறி வளர்வதும் செதில் உரிவதும் கல்லீரலோடு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம் என்றார். தராசில் 116 கிராம். காக்டெயில் ஏறக்குறைய 80லிருந்து 100 கிராம் வரை இருந்தால் போதும். நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தால் எலும்பே கைக்குத் தட்டுப்படவில்லை, அவ்வளவு கொழுப்பு. நாங்கள் எல்லாம் "எவ்வளவு கொழுகொழுன்னு இருக்கா" என்று கொஞ்சிய உடம்பு அது.

பிறகு அவர் சொன்னது எனக்கு இன்னும் வலிக்கிறது. "இந்த ஊர்ல முட்டைக்கோழி வளர்க்கறவங்களைப் பாருங்க. நூறு கிலோ தீவனத்துல மூணரை, நாலு கிலோ கால்சியம் இருக்கணும்னு கணக்குப் போட்டுக் கலக்கறாங்க. ஏன்னா முட்டை ஓடே கால்சியம்தான். அது தீனியில வரலைன்னா தன் எலும்புல இருந்து எடுத்துதான் ஓடு கட்டும். உங்க பொண்ணு கோழி மாதிரியே முட்டை வைக்கிறா. அவளுக்குத் தினையில எங்கிருந்து கால்சியம் வரும்?" முட்டையை வெளியே தள்ள தசை சுருங்கி விரிவதற்கும் கால்சியம் வேண்டுமாம். ஓடும் கட்டவில்லை, தள்ளவும் தெம்பில்லை. அதனால்தான் மாட்டிக்கொண்டது. செல்லம் என்று மடியில் வைத்துக் கொஞ்சுகிற பறவைக்குக் கிடைக்காத சத்துக்கணக்கு, பண்ணையில் வரிசையாக நிற்கிற கோழிக்குக் கிடைக்கிறது. அன்று இரவு எனக்கு யார் மீது கோபம் என்றே தெரியவில்லை, ஆனால் கோபம் அடங்கவே இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் முட்டைக்கோழித் தீவனத்தை வாங்கிக் கூண்டில் போட்டுவிடாதீர்கள். முட்டை வைக்காத சின்னப் பறவைக்கு அவ்வளவு கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

கார் வாடகை, எக்ஸ்ரே, ஊசி, மருந்து, அடுத்தடுத்த பரிசோதனைகள் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாயைத் தாண்டியது. விடுப்பு எடுத்ததில் போன சம்பளம் தனி. "இந்தக் காசுக்கு புதுசா அஞ்சு ஜோடி வாங்கலாமே" என்று உறவில் ஒருவர் சொன்னார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போதும் அவரோடு பேச எனக்கு மனம் வரவில்லை.

விதையில் என்ன தவறு என்று கேட்பீர்கள். காட்டில் காக்டெயில் விதைதானே தின்கிறது? தின்கிறதுதான். ஆனால் அது தின்பது பாதி முற்றிய பச்சைப் புல்விதை, பலவகைச் செடிகளின் விதை, பருவத்துக்குப் பருவம் மாறுகிற தீனி. அதைத் தேடிக் கிலோமீட்டர் கணக்கில் பறக்கிறது. நம் கூண்டில் கிடைப்பது மாதக்கணக்கில் மூட்டையில் காய்ந்த நான்கு வகை விதை. அதற்கும் பறக்க வேண்டியதில்லை. உரித்த சூரியகாந்திப் பருப்பில் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. காய்ந்த விதைகளில் விட்டமின் ஏ கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். பாஸ்பரஸ் கூடினால் உள்ளே போகிற கொஞ்சம் கால்சியமும் உடம்பில் சேராது. இதற்கு மேல், பறவை எல்லா விதையையும் சமமாகச் சாப்பிடாது. பிடித்த சூரியகாந்தியைப் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதைத் தள்ளிவிடும். நாம் "கலவை" என்று நினைத்துப் போடுவது அதன் வயிற்றில் கலவையாகப் போவதில்லை. இன்னொன்று, கிளி இனம் விதையை உரித்துப் பருப்பை மட்டும் தின்னும். உமி கிண்ணத்திலேயே விழும். மேலே உமி மூடியிருக்க, கிண்ணம் நிறைந்தது போலத் தெரியும், கீழே ஒன்றும் இருக்காது. அப்படிப் பட்டினி கிடந்த பறவைகள் உண்டு என்று டாக்டர் சொன்னார். ஊதிப் பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

சரி, விதையை நிறுத்திவிட்டுக் கீரை போட்டால் தீர்ந்ததா? இங்கேதான் பலர் பறவையை இழக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். விதையே தின்று வளர்ந்த பறவைக்குக் கீரை சாப்பாடு என்றே தெரியாது. எல்லாச் சத்தும் சேர்த்து உருண்டையாகச் செய்கிற பெல்லட் தீவனத்தையும் தெரியாது. "பசிச்சா தானா தின்னும்" என்று விட்டால் தின்னாது, சுருண்டு விழும். இவ்வளவு சின்ன உடம்பில் ஒரு நாள் பட்டினியே பெரிய ஆபத்து. அதிலும் கொழுப்பு படிந்த கல்லீரல் இருந்தால் பட்டினி நேராகக் கல்லீரலைத்தான் அடிக்கும். எனவே மாற்றம் என்பது மாதக்கணக்கில் நடக்க வேண்டிய வேலை. டாக்டர் முதலில் வாங்கச் சொன்ன பொருள் தீவனமோ மருந்தோ இல்லை, ஒரு கிராம் வரை காட்டுகிற சமையலறை டிஜிட்டல் தராசு. 400, 500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. தினமும் காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, தீனி வைப்பதற்கு முன் எடை போட்டு நோட்டில் எழுத வேண்டும். தராசு மேல் ஒரு சின்னக் கம்பை நிற்க வைத்தால் அவளே ஏறி உட்கார்ந்துகொள்வாள். மாற்றம் தொடங்கியபோது இருந்த எடையில் பத்தில் ஒரு பங்கு சீக்கிரமாகக் குறைந்தால் உடனே பழைய தீனிக்குத் திரும்பி, டாக்டரைக் கூப்பிட வேண்டும். மின்னியின் எடையைக் குறைக்க வேண்டியிருந்தாலும், வாரத்துக்கு ஒன்றிரண்டு கிராமுக்கு மேல் இறங்க விடவில்லை.

எச்சத்தையும் பார்க்கப் பழகுங்கள். கூண்டின் அடியில் வெள்ளைத் தாள் விரித்தால் தெளிவாகத் தெரியும். மூன்று பகுதி இருக்கும்: பச்சையோ பழுப்போ ஆன மலம், வெள்ளைச் சுண்ணாம்பு போன்ற ஒன்று, சுற்றிலும் தெளிந்த நீர். அந்த வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் கல்லீரல் கெட்டிருக்கலாம். பீட்ரூட் கொடுத்த மறுநாள் சிவப்பாக வந்தால் பயப்பட வேண்டாம். தீனி குறைந்தால் எச்சத்தின் எண்ணிக்கையும் குறையும். தராசு காட்டுவதற்கு முன்பே தாள் காட்டிவிடும்.

மின்னியைப் பச்சைக்குப் பழக்கியது பெரும் பாடு. கிண்ணத்தில் நறுக்கிப் போட்ட கேரட்டைப் பார்த்துக் கூண்டின் மறுகோடிக்கு ஓடினாள். புதுப்பொருள் எதைக் கண்டாலும் காக்டெயிலுக்குப் பயம். முருங்கைக்கீரைக் கொத்தை நன்றாகக் கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்டக் கூண்டின் உச்சியில் கட்டித் தொங்கவிட்டேன். முதலில் முறைத்தாள். பிறகு ஈரத்தில் தலையைத் தேய்த்தாள், கொஞ்ச நாளில் அதற்குள்ளேயே புரண்டு குளித்தாள். குளிக்கும்போது ஒரு இலையைக் கடித்தாள், துப்பினாள், மறுபடி கடித்தாள். அன்று நான் மஸ்கட்டுக்கு வீடியோ அனுப்பினேன், தங்கை அங்கே அழுதிருக்கிறாள். அதிலிருந்து கற்றது என்னவென்றால், நறுக்கிக் கிண்ணத்தில் போடுவதைவிட முழுசாகத் தொங்கவிடுவது பறவைக்குப் பிடிக்கிறது. காலையில் பசி அதிகமாக இருக்கும்போது முதலில் பச்சை, ஒரு மணி நேரம் கழித்து விதை என்று வைத்தேன். நான் அவள் முன்னால் உட்கார்ந்து அதே கேரட்டைக் கடித்துக் காட்டுவேன். கூட்டமாக வாழ்கிற பறவை என்பதால், நாம் தின்பதைப் பார்த்தால் தானும் வாய் வைக்கும்.

முளைகட்டியது பெரிய உதவி. அவள் தின்கிற அதே தினையையும் கம்பையும் ஊறவைத்து, வெள்ளை முளை எட்டிப் பார்க்கும்போது கொடுத்தேன். பழகிய ருசி, ஆனால் பச்சை உணவு. அதில் துருவிய கேரட்டைப் பிசிறினால் அதோடு சேர்ந்து உள்ளே போகும். பச்சைப்பயறையும் அப்படியே முளைகட்டலாம். ஆனால் நம் ஊர் வெக்கையில் முளைகட்டியது சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், வழவழவென்று வாடை வந்தால் அப்படியே கொட்டிவிடுங்கள். ஈரமான எந்த உணவையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விடுவதில்லை. ராஜ்மா போன்ற பெரிய பயறுகளைப் பச்சையாகவோ முளைகட்டியோ கொடுக்கவே கூடாது. அதில் நஞ்சு உண்டு, நன்றாக வேகவைத்தால்தான் போகும்.

விட்டமின் ஏ விஷயத்தில் நிறத்தைப் பார்த்தாலே போதும். ஆரஞ்சு நிறமும் கரும்பச்சையும்தான் வேண்டும். கேரட், பறங்கிக்காய், உள்ளே ஆரஞ்சாக இருக்கிற சர்க்கரைவள்ளி, சிவப்புக் குடைமிளகாய், முருங்கைக்கீரை, கொத்தமல்லி, வெந்தயக்கீரை எல்லாம் உழவர் சந்தையில் கிடைப்பவைதான். வெள்ளரி, லெட்டூஸ் தண்ணீர் மாதிரி, வயிறு நிறையுமே தவிர இந்தக் குறைக்கு உதவாது. பாலக்கீரையில் ஆக்ஸாலிக் அமிலம் அதிகம், அது கால்சியத்தைக் கட்டிப்போடும். அதனால் எப்போதாவது மட்டும். பச்சை மிளகாய் கொடுத்தால் நமக்குத்தான் பதறும். பறவைக்கு அந்தக் காரத்தை உணர்கிற அமைப்பு நம்மைப் போல இல்லை, சாவகாசமாக விதையைத் தின்னும். கிளி என்றால் கோவைப்பழம் என்று நமக்குச் சின்ன வயதிலிருந்து மனதில் இருக்கிறது. கோவைப்பழம், கொய்யா, பப்பாளி, மாதுளை எல்லாம் நல்லதுதான், ஆனால் பழத்தில் சர்க்கரை உண்டு. மின்னிக்கு ஒரு நாளைக்கு என் கட்டைவிரல் நகமளவுதான். கீரைக்கும் காய்க்கும் மருந்து அடித்திருப்பார்கள், தண்ணீரில் ஊறவைத்து ஓடும் நீரில் நன்றாக அலசாமல் கொடுப்பதில்லை.

பெல்லட்டில் எனக்குப் பணம் போனது. எல்லாச் சத்தும் ஒரே உருண்டையில் இருப்பதால் பறவை பொறுக்கித் தின்ன முடியாது, அதுதான் அதன் பெரிய பலன். டாக்டரும் அதைச் சொன்னார். ஒரு கடையில் பெரிய மூட்டையைப் பிரித்துச் சின்னக் கவரில் கட்டி, கண்ணைப் பறிக்கிற கலரில் விற்றார்கள். கவரில் தேதி இல்லை, என்ன கலந்திருக்கிறது என்றும் இல்லை. வீட்டுக்கு வந்து பிரித்தால் பூஞ்சை வாடை. 700 ரூபாயைக் குப்பையில் கொட்டினேன். பூஞ்சையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பூஞ்சை பிடித்த வேர்க்கடலை, மக்காச்சோளத்தில் உருவாகும் அஃப்லாடாக்சின் கல்லீரலை அழிக்கும், காற்றில் பறக்கிற பூஞ்சைத் தூள் நுரையீரலுக்குள் போகும். கம்பெனி சீல் உடையாத, காலாவதித் தேதி உள்ள பாக்கெட்டை மட்டும் வாங்குங்கள். இறக்குமதி ஆவதால் விலை அதிகம். காக்டெயிலுக்கு ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கரண்டி போதும் என்பதால் ஒரு பாக்கெட் மாதக்கணக்கில் வரும். பிரித்ததைச் சின்ன டப்பாக்களில் ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்கிறேன். பழக்குவதற்கு, பெல்லட்டைப் பொடித்து லேசாக ஈரமாக்கிய தினை மீது தூவினேன். ருசி பழகிய பிறகு பொடி நொறுங்கலாகி, பிறகு முழு உருண்டையானது.

கால்சியத்துக்குக் கணவாய் ஓடு கூண்டில் தொங்குகிறது. பறவைக் கடையில் இல்லாவிட்டால் கடல்நுரை என்று கேட்டால் நாட்டு மருந்துக் கடையில் தருவார்கள். மெத்தென்று இருக்கிற பக்கம் பறவையைப் பார்த்து இருக்க வேண்டும். கோழி முட்டை ஓட்டைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, காயவைத்து, பொடித்தும் தூவலாம். ஆனால் கால்சியம் உடம்பில் சேர விட்டமின் டி வேண்டும், அதற்கு வெயில் வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வருகிற வெயில் பயன்படாது, தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை இளவெயிலில் கூண்டைப் பால்கனியில் கொஞ்ச நேரம் வைக்கிறேன். பாதிக் கூண்டுக்கு நிழல் இருக்க வேண்டும், பூனையும் காக்கையும் வராமல் நானும் பக்கத்திலேயே இருப்பேன். தண்ணீரில் விட்டமின் டிராப்ஸ் கலப்பதை டாக்டர் நிறுத்தச் சொன்னார். எவ்வளவு உள்ளே போகிறது என்று கணக்கே கிடையாது, தண்ணீரில் கிருமி வளரும், ருசி மாறினால் பறவை தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடும். விட்டமின் ஏ மாத்திரை வடிவில் அதிகமானால் அதுவும் விஷம். அரைக்க மணலும் கல்லும் வேண்டும் என்று கடையில் விற்பார்கள். விதையை உரித்துத் தின்கிற கிளி வகைக்கு அது தேவையில்லை, நோய் வந்த நேரத்தில் அதிகமாகத் தின்று குடல் அடைத்துக்கொள்வதும் உண்டு.

முட்டை வைப்பதைக் குறைப்பதும் தீனியோடு சேர்ந்த விஷயம். கொழுப்பும் இனிப்பும் மென்மையான தீனியும் தாராளமாகக் கிடைத்து, வெளிச்சமும் நீண்ட நேரம் இருந்தால், குஞ்சு வளர்க்க நல்ல காலம் என்று அவள் உடம்பு நினைத்துக்கொள்ளும். சூரியகாந்தியைப் பரிசாக மட்டும், எண்ணி நாலைந்து என்று ஆக்கினேன். மாலை ஆறரைக்கெல்லாம் கூண்டை மூடி, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் இருட்டில் தூங்கவிட்டேன். பெட்டி, பானை, இருட்டு மூலை எல்லாவற்றையும் எடுத்தேன். முதுகைத் தடவுவதை நிறுத்தினேன், அதை அவள் துணையின் தொடுதலாக எடுத்துக்கொள்வாளாம். வைத்த முட்டைகளை உடனே எடுத்தால் எண்ணிக்கையை நிரப்ப மறுபடி வைப்பாள், அதனால் அவளே சலித்து விலகும்வரை விட்டு வைத்தேன். இப்போது ஈடுகளுக்கு நடுவே நீண்ட இடைவெளி இருக்கிறது. ஓடு கெட்டியாக இருக்கிறது.

கொடுக்கவே கூடாதவற்றைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன், வீட்டுக்கு வருகிறவர்கள் பாசத்தில் ஊட்டிவிடுகிறார்கள் என்பதால். அவகாடோ கொஞ்சம் உள்ளே போனாலே போதும், இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும். சாக்லேட், காபி, டீ, மது, வெங்காயம், பூண்டு, ஆப்பிள் விதை வேண்டாம். முறுக்கு, மிக்சர், உப்புக்கடலை, ஊறுகாய் வேண்டாம், அந்தச் சின்னச் சிறுநீரகம் உப்பைத் தாங்காது. பாலில் நனைத்த பிஸ்கட் வேண்டாம், பறவைக்குப் பாலைச் செரிக்கும் சக்தி இல்லை. உணவு இல்லை என்றாலும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது நான்ஸ்டிக் தோசைக்கல். அது அளவுக்கு மீறிச் சூடானால் வருகிற புகை நமக்கு வாடைகூடத் தெரியாது, பறவை சில நிமிடத்தில் செத்துவிழும். எங்கள் வீட்டில் இப்போது இரும்புக்கல்தான்.

மற்ற பறவைகளுக்கு அளவு மாறும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்குக் கால்சியம் குறைந்தால் வலிப்பே வரும். மக்காவுக்குக் கொட்டைகளின் கொழுப்பு மற்றவற்றைவிட அதிகம் தேவை. லோரி வகை பூந்தேன் குடிக்கிற பறவை, அதற்கு விதை போட்டு வளர்ப்பது தப்பு. நம் ஊர்ப் பச்சைக்கிளி பற்றியும் கேட்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம். அடிபட்டுக் கிடைத்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். சாம்பல் கிளி, மக்கா போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

கடைசியாக, உடம்பு சரியில்லாத நாளுக்காகக் காத்திருக்காமல் இப்போதே ஒரு வேலை செய்து வையுங்கள். உங்களுக்கு எட்டுகிற தூரத்தில் பறவை பார்க்கிற டாக்டர் யார் என்று போன் செய்து கேளுங்கள். "பறவை பாப்பீங்களா, ஞாயிற்றுக்கிழமை இருப்பீங்களா, எக்ஸ்ரே இருக்கா" என்ற மூன்று கேள்வியும் அவசியம். தனியார் கிடைக்காவிட்டால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எண்களைப் போனில் ஏற்றி, வீட்டில் இன்னொருவருக்கும் கொடுத்து வையுங்கள். பக்கத்தில் காற்றுத்துளை போட்ட ஒரு பெட்டி, பழைய துண்டு, வெந்நீர் பாட்டில், எடை எழுதிய நோட்டு இருக்கட்டும். டாக்டர் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான். மின்னியின் நோட்டில் இப்போது 97, 98 என்று ஓடுகிறது. பறங்கிக்காயை மட்டும் இன்னும் தொட மாட்டேன் என்கிறாள், அடுத்து அதைத் துருவி முளைத்த தினையில் கலந்து பார்க்கப் போகிறேன்.